பனி உருகிய குளம்: முழுவதும் இறைப்பதா, கொஞ்சம் மாற்றுவதா, அப்படியே விடுவதா?

ஏப்ரல் முதல் வாரத்தில் டொரொன்டோவுக்கு அருகிலுள்ள மார்க்கமிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் கூப்பிட்டார். "அண்ணா, குளத்துப் பனிக்கட்டி நேற்றோடு உருகி முடிந்துவிட்டது. இரண்டு மீன் செத்து மிதக்கின்றன. மற்றவை அடியில் அசையாமல் கிடக்கின்றன. தண்ணீர் கறுத்து நாறுகிறது. சனிக்கிழமை பம்ப் ஒன்றை வாடகைக்கு எடுத்து முழுவதையும் இறைத்துக் கழுவிவிடட்டுமா?"

"சனிக்கிழமை ஒன்றும் செய்யாதீர்கள், தம்பி. முதலில் வெப்பமானி ஒன்றைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கி, என்ன காட்டுகிறது என்று சொல்லுங்கள்" என்றேன். ஆறு பாகை செல்சியஸ் என்றார். ஆறு பாகையில் ஒரு குளத்தை இறைப்பது, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவரை எழும்பிய அன்றைக்கே வீடு மாற்றச் சொல்வதைப் போன்றது.

டொரொன்டோவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பின்வளவில் குளம் வெட்டி கோய் மீனும் (அழகுக்கு வளர்க்கும் கெண்டை வகை) தங்கமீனும் வளர்க்கும் நம்மவர்கள் பலர். கடுங்குளிர் கழிந்த ஒவ்வோர் இளவேனிலிலும் இதே கேள்வி வருகிறது. இருக்கும் வழிகள் மூன்று: குளத்தை முழுவதும் இறைத்துக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பலாம், வாரத்துக்கு வாரம் கொஞ்சம் தண்ணீரையும் கொஞ்சம் சேற்றையும் மாற்றலாம், அல்லது கையே வைக்காமல் விட்டுவிடலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோய் இருக்கும் குளம் என்றால் நடுவழிதான். மற்ற இரண்டுக்கும் இடம் உண்டு, ஆனால் அந்த இடம் சிறியது.

முழுவதும் இறைக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் கிணறு இறைத்துத் துப்புரவாக்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அடி தெரியும்வரை இறைத்து, சேறு அள்ளி, ஊற்று மறுபடி சுரப்பதைப் பார்த்தால்தான் மனம் ஆறும். ஆனால் அந்தக் கிணற்றை மறுபடி நிரப்புவது அதன் சொந்த ஊற்று. இங்கே நிரப்புவது மாநகராட்சிக் குழாய். அந்தத் தண்ணீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரமைன் இருக்கிறது. அது ஏரியின் குளிரோடு வருகிறது. மீனுக்கு அது முற்றிலும் அந்நியமான தண்ணீர்.

2014 ஆம் ஆண்டு ஏப்ரலில் நானும் அப்படித்தான் செய்தேன். அதற்கு முந்தைய டிசம்பரில், 21, 22 ஆகிய நாட்களில், டொரொன்டோவைப் பனிமழைப் புயல் தாக்கியது. நகரத்தில் மட்டும் ஏறத்தாழ மூன்று லட்சம் மின் இணைப்புகள் இருண்டன. என் குளத்தில் காற்றுப் பம்ப் நின்றது; மேலே மிதந்த சூடாக்கியும் நின்றது; பனியில் திறந்திருந்த துளை மூடிக்கொண்டது. மூன்று நாட்கள், காலையும் மாலையும், எரிவாயு அடுப்பில் வெந்நீர் வைத்து, பானையைப் பனிக்கட்டியின் மேல் உட்காரவைத்து, அது தானாக உருகி இறங்கும்வரை காத்திருந்து துளை போட்டேன். சுத்தியலால் உடைக்கவில்லை, அந்த அதிர்ச்சி தண்ணீருக்குள் மீனைத் தாக்கும். அந்தக் குளிர்காலம் அதோடு ஓயவில்லை. 2014 மார்ச் 6 அன்று பேரேரிகளின் பரப்பில் 92.5 சதவீதம் பனியால் மூடியிருந்தது. அவ்வளவையும் தாண்டி, என் பதினொரு கோய் மீன்களும் உயிரோடு வெளியே வந்தன. ஒன்றும் சாகவில்லை.

ஏப்ரல் மூன்றாம் வாரம் குளம் துப்புரவாக்கும் ஆட்களை அழைத்தேன். காலையில் வந்தார்கள், மீன்களை இரண்டு பெரிய தொட்டிகளில் போட்டார்கள், குளத்தை இறைத்து, அழுத்தத் தண்ணீரால் கல் ஒவ்வொன்றையும் வெள்ளையாகும்வரை கழுவினார்கள், மாலைக்குள் குழாய்த் தண்ணீர் நிரப்பி, குளோரின் முறிக்கும் மருந்து ஊற்றி, மீனை விட்டுவிட்டுப் போனார்கள். குளம் கண்ணாடிபோல் இருந்தது. அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம். பத்தாம் நாள் ஒரு வெள்ளை மீனின் விலாவில் கடுகளவு சிவப்புப் புள்ளி தெரிந்தது. அதற்கு மூன்றாவது நாள் அந்த இடத்துச் செதில் நிமிர்ந்தது, பிறகு விழுந்தது, அதன் கீழே ஐந்து சதக் காசளவு புண், நடுவில் சதை வெளுத்து, ஓரம் சிவந்து. மே நடுப்பகுதிக்குள் ஐந்து மீன்கள் போய்விட்டன. குளிர்காலம் ஒன்றையும் கொண்டுபோகவில்லை. அந்த ஒரு நாள் துப்புரவு ஐந்தைக் கொண்டுபோனது.

ஏன் அப்படி நடந்தது என்பது விளங்கினால் மூன்று வழிகளையும் எடைபோடுவது எளிது.

நான்கு பாகையில் தண்ணீர் மிக அடர்த்தியாக இருக்கும். அதனால் மேலே பனி உறைந்தாலும் அடியில் நான்கு பாகைத் தண்ணீர் தங்குகிறது. மீன் அங்கே போய், ஏறத்தாழ அசையாமல், சேமித்த கொழுப்பைக் கரைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கிறது. வெளியே வரும்போது அதன் கொழுப்பு குறைந்திருக்கும். தோலின்மேல் காப்பாக இருக்கும் வழவழப்பு மெலிந்திருக்கும். நோய் எதிர்ப்பு தூங்கிக்கொண்டிருக்கும். மீன் குளிர் இரத்தப் பிராணி. தண்ணீர் சூடாகாமல் அதன் எதிர்ப்பாற்றல் விழிக்காது. ஆனால் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா அதற்கு முன்பே விழித்துவிடுகிறது. ஏறத்தாழ 5 பாகையிலிருந்து 17 பாகைவரை மீன் பின்தங்கியும் கிருமி முந்தியும் நிற்கின்றன. வட அமெரிக்கக் கோய் வளர்ப்பாளர்கள் இந்த இடைவெளியை 'ஏரோமோனாஸ் சந்து' என்றே அழைக்கிறார்கள். மார்ச்சில் பனிக்குக் கீழே பிழைத்த மீன் ஏப்ரலிலும் மேயிலும் சாவது இந்தச் சந்தில்தான். ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றே: இந்தச் சந்தைக் கடக்கும் நாட்களில் இது மீனுக்குப் புதிய அதிர்ச்சி கொடுக்கிறதா?

முழு இறைப்பு

இதைத் தொழிலாகச் செய்பவர்களின் வாதத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். குளிரில் மீன் மந்தமாக இருப்பதால் வலையில் எளிதாகப் பிடிபடும். குளிர்ந்த தண்ணீரில் உயிர்வளி அதிகம் கரைந்திருப்பதால் தொட்டியில் மூச்சுத் திணறாது. வடிகட்டியில் நல்ல பாக்டீரியா இன்னும் பெருகவில்லை, ஆகவே கழுவினால் இழப்பும் பெரிதில்லை. கோடைக்குள் சேறு அழுகி நாறுவதற்கு முன் போய்விடும். இவற்றில் பொய் ஒன்றும் இல்லை. பூச்சியத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் 14.6 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 20 பாகையில் 9.1 மட்டுமே.

ஆனால் அந்த வாதம் மீனின் தோலைக் கணக்கில் எடுக்கவில்லை. வலையில் அள்ளும்போது வழவழப்பு உரிகிறது. தொட்டியில் துள்ளி மூக்கை இடித்துக்கொள்கிறது. ஆறு பாகையில் ஒரு கீறல் ஆற வாரங்கள் பிடிக்கும்; கிருமிக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. தண்ணீரைப் பொறுத்தவரை இன்னொரு பெரிய ஆபத்து இருக்கிறது. அதைப் பலர் சொல்வதில்லை. எனக்கும் அந்த ஐந்து மீன்கள் போன பிறகுதான் விளங்கியது.

குளிர்காலம் முழுவதும் இலை அழுகியும் மீன் கழித்தும் அமோனியா சேர்கிறது. அதைத் தின்னும் பாக்டீரியா குளிரில் ஏறத்தாழ வேலையை நிறுத்திவிடுகிறது. கூடவே தண்ணீரின் காரத் தாங்குதிறன் (பி.எச். இறங்காமல் தாங்கும் ஆற்றல்) தீர்ந்து, பி.எச். இறங்கிவிடும். இறங்கிய பி.எச். ஒரு வகையில் மீனைக் காப்பாற்றுகிறது. பி.எச். 7, வெப்பம் 10 பாகை என்றால், உள்ள அமோனியாவில் 0.2 சதவீதம் மட்டுமே நச்சு வடிவில் இருக்கும். அதே தண்ணீர் பி.எச். 8.5 ஆகி 20 பாகைக்கு ஏறினால் 11 சதவீதம் நச்சாகிவிடும். இப்போது நினைத்துப் பாருங்கள்: பழைய தண்ணீர் பாதி இருக்க, காரத்தன்மை கூடிய குழாய்த் தண்ணீரைப் பாதி ஊற்றுகிறோம். அமோனியாவின் அளவு பாதியாகிறது. அதன் நஞ்சோ பல மடங்கு ஏறுகிறது. சுத்தம் செய்த அன்றே மீன் மேலே வந்து வாய் பிளப்பதை நாம் 'தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை' என்று சொல்லி விட்டுவிடுகிறோம். முழுவதும் மாற்றினால் அமோனியா இருக்காது அல்லவா என்று கேட்கலாம். குளோரமைன் என்பது குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது. வெறும் தையோசல்பேட் மருந்து குளோரினை முறித்து, அமோனியாவைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். டொரொன்டோத் தண்ணீருக்கு அமோனியாவையும் கட்டும் மருந்துதான் வேண்டும். வாளியில் ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும் என்ற ஊர்ப் பழக்கம் குளோரமைனிடம் செல்லாது.

அப்படியானால் முழு இறைப்பு யாருக்கு? குளத்தின் விரிப்புக் கிழிந்து ஒழுகினால். சாலை உப்போ எண்ணெயோ பனி உருகிய தண்ணீரோடு உள்ளே வந்திருந்தால். பெரும்பாலான மீன்கள் செத்து அழுகி, மிச்சம் இருப்பவை அதே தண்ணீரில் மூச்சு வாங்கினால். அப்போது தாமதிக்கக் கூடாது. மற்றபடி, சேறு ஓரடி கனத்துக்கு ஏறிவிட்டது என்பது மட்டும்தான் குறை என்றால், செப்டம்பர் வரை பொறுங்கள். கோடை முழுவதும் தின்று கொழுத்த மீன், இன்னும் சூடாக இருக்கும் தண்ணீரில், ஒரு நாள் அலைச்சலைத் தாங்கும். இலையுதிர்முன் சேறு போனால் அடுத்த குளிர்காலமும் இலகுவாகும். நான் பத்தாண்டுகளாகச் செப்டம்பர் நடுவில்தான் பெருந்துப்புரவு செய்கிறேன்.

கையே வைக்காமல் விடுவது

இதைச் சோம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். தங்கமீன் மட்டும் உள்ள, செடி நிறைந்த, மீன் குறைந்த குளத்துக்கு இதுவே நல்ல வழி. தங்கமீனின் உடலமைப்பு வேறு. உயிர்வளி தீர்ந்துபோனால், சேரும் லாக்டிக் அமிலத்தை எத்தனாலாக மாற்றிச் செவுள் வழியாக வெளியேற்றும் ஆற்றல் அதற்கு உண்டு. பனிக்கு அடியில் காற்றற்ற நாட்களை அது அப்படித்தான் கடக்கிறது. கோய்க்கு அந்தக் கொடை இல்லை. 'பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் செய்யவில்லை, அவருடைய மீன் நன்றாகத்தானே இருக்கிறது' என்று சொல்பவர்கள், அவருடைய குளத்தில் இருப்பது என்ன மீன் என்று முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: உங்கள் குளத்தின் அடிச்சேற்றில் தவளை இருக்கலாம். ஒன்டாரியோவின் பச்சைத் தவளையும் சிறுத்தைத் தவளையும் குளிர்காலத்தைத் தண்ணீருக்கு அடியில்தான் கழிக்கின்றன. ஏப்ரலில் சேற்றை வாரிக்கொட்டினால் அவையும் போகும்.

ஆனால் கோய் நெருக்கமாக உள்ள குளத்தில் விட்டுவிடுவது ஆபத்து. தண்ணீர் சூடேற ஏற இலைக்குவியல் வேகமாக அழுகும். இரவில் உயிர்வளி விழும். காலை ஆறு மணிக்கு மீன் எல்லாம் அருவி விழும் இடத்தில் கூடி நின்றால் அதுதான் அடையாளம்.

நடுவழி

மார்க்கம் தம்பியின் குளம் 12 அடி நீளம், 8 அடி அகலம், நடுவில் 4 அடி ஆழம். சரிவுகளைக் கழித்தால் சுமார் 9,000 லிட்டர். கோய் ஒன்பது. அவருக்கு நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

முதல் நாள், செத்தவற்றை எடுப்பதும் காற்றுப் பம்பை ஓடவிடுவதும் மட்டும். குமிழி விடும் காற்றுக்கல் அடியில் வேண்டாம், பாதி ஆழத்தில் தொங்கட்டும். ஏப்ரல் இரவுகளில் மறுபடி உறையும். அடியில் குமிழி விட்டால் மேலுள்ள குளிரைக் கலக்கி மீன் படுத்திருக்கும் தண்ணீரையும் குளிரவைத்துவிடும். அதே நாளில் அமோனியா, அதைப் பாக்டீரியா தின்னும்போது உண்டாகும் நைட்ரைட், பி.எச்., காரத் தாங்குதிறன் நான்கையும் அளக்க வேண்டும். சோதனைக் குழாயில் ஐந்து மில்லி லிட்டர் தண்ணீர் எடுத்து, துளி மருந்து விட்டு, ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும்; அமோனியா இல்லையென்றால் மஞ்சளாகவே நிற்கும், இருந்தால் பச்சையேறும். அவருடைய குழாய் இளம் பச்சைக்கு மாறியது. பி.எச். 6.8. நான் பயந்தது அதுவே. அந்த நிலையில் ஒரே நாளில் 4,000 லிட்டர் ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

ஆகவே, தண்ணீர் மாற்றம் சிறிதாக இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை பத்து முதல் பதினைந்து சதவீதம், அதாவது 900 முதல் 1,350 லிட்டர். அமோனியா அதிகம், பி.எச். தாழ்வு என்றால் இன்னும் குறைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை ஐந்து சதவீதம். குளோரமைன் முறிக்கும் மருந்தைக் குழாயைத் திறப்பதற்கு முன்பே குளத்தில் கலந்துவிட வேண்டும். குழாயைப் பென்சில் கனத்துக்குத் திறந்து, ஒரு மதியம் முழுவதும் மெதுவாக ஓடவிட வேண்டும். அவசரத்தில் முழுவேகமாகத் திறந்துவிட்டு மறந்துபோனவர்கள் நம்மில் பலர். கைத்தொலைபேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள்.

சேற்றையும் ஒரே நாளில் எடுக்கக் கூடாது. குளத்தை மனதில் நான்காகப் பிரித்து, வாரத்துக்குக் கால்வாசி. நீண்ட கைப்பிடி வலையை அடியோடு உரசாமல், இலைக்கு மேலே மெதுவாகத் தள்ளி, தூக்கும்போது ஒரு நொடி நிறுத்தித் தண்ணீர் வடியவிட்டு எடுங்கள். மேப்பிள் இலை கறுத்து, நரம்பு மட்டும் மிஞ்சி, வலையில் ஈரத்துணிபோல் ஒட்டிக்கொண்டு வரும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அந்த இடத்தை அன்றைக்கு விட்டுவிட வேண்டும். அது ஹைட்ரஜன் சல்பைடு. கிளறினால் தண்ணீரில் பரவி மீனின் மூச்சை அடைக்கும். காற்றுக்கல்லை அந்தப் பக்கம் நகர்த்திவிட்டு, இரண்டு நாள் கழித்துத் தொடரலாம்.

வடிகட்டிப் பஞ்சை வாளியில் குளத்துத் தண்ணீரை எடுத்து அதிலேயே பிழியுங்கள். குழாயடியில் கழுவினால் மிஞ்சியிருக்கும் நல்ல பாக்டீரியாவும் குளோரமைனில் செத்துவிடும். அது மறுபடி பெருகும்வரை முதலில் அமோனியாவும் பிறகு நைட்ரைட்டும் ஏறுவது இயல்பு. நைட்ரைட் ஏறினால் மீனின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்க மாட்டாது. அதற்குச் சாதாரண உப்பே காவல்: 1,000 லிட்டருக்கு ஒரு கிலோ. அவருடைய குளத்துக்கு ஒன்பது கிலோ. அயோடின் சேராத உப்பாக எடுத்து, வாளியில் கரைத்து, மூன்று நாட்களாகப் பிரித்து ஊற்ற வேண்டும். கல்லாகவே கொட்டினால் அதன்மேல் படுக்கும் மீனின் வயிறு வெந்துவிடும். உப்பு ஆவியாகிப் போகாது என்பதையும் மறக்கக் கூடாது; தண்ணீர் மாற்றும்போது மட்டுமே குறையும்.

இந்த வழியின் குறை அதன் நீளம். நான்கைந்து வாரங்கள் குளம் அழகாக இருக்காது. தேநீர்போல் பழுப்பாக இருக்கும். விருந்தினர் வந்து 'என்ன, துப்புரவாக்கவில்லையா' என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

சிலர் குளத்தின் மேல் மரச்சட்டம் வைத்துப் பாலித்தீன் விரித்து, பகல் வெயிலைப் பிடித்து, அந்த ஏரோமோனாஸ் சந்தை மீன் வேகமாகக் கடக்கவைக்கிறார்கள். நடுவழியோடு சேர்த்துச் செய்ய நல்ல வேலை அது. காற்றுப் போக ஓரம் திறந்திருந்தால் போதும். பறந்துவரும் நாரையிடமிருந்தும் இரவில் வரும் ரக்கூனிடமிருந்தும் அதுவே காவல்.

உணவு: இப்போதா, பிறகா

ஏப்ரல் வெயிலில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும்போது மனம் கேட்காது. ஐந்து மாதம் பட்டினி கிடந்த பிள்ளைக்கு ஒரு பிடி போட்டால் என்ன என்று தோன்றும். ஆனால் கோய்க்கு இரைப்பையே கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகிறது. குளிரில் செரிமான நொதிகள் மந்தம். தின்றது குடலில் தங்கி அழுகும். கழிவு, வேலை செய்யாத வடிகட்டிக்குப் போய் அமோனியாவாகும். மேலே வந்து வாய் திறப்பது பசியாக இல்லாமல் மூச்சாகவும் இருக்கலாம்.

என் கணக்கு இது. காலை எட்டு மணிக்கு, இரண்டடி ஆழத்தில், தொடர்ந்து ஒரு வாரம் 10 பாகைக்கு மேல் இருந்தால் கோதுமை முளை கலந்த இலகு உணவு, இரண்டு நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. 15 தாண்டினால் தினமும். புரதம் கூடிய கோடை உணவு 18க்கு மேல். மதியம் மேற்பரப்பில் அளந்த 14 பாகையை நம்பிப் போடாதீர்கள். அன்று இரவு பனி தூறலாம். டொரொன்டோவில் மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா நாள் விடுமுறைக்கு முன் தக்காளிக் கன்று நடாதவர்கள், மீனுக்கும் அந்தப் பொறுமையைக் காட்டலாம். அதுவரை குளத்துப் பாசியை அவை மேய்ந்துகொள்ளும்.

மருந்து ஊற்றுவதா, பார்த்திருப்பதா

கடைகளில் 'இளவேனில் மருந்து' என்று பல புட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் முன்னெச்சரிக்கையாக ஊற்றச் சொல்வார்கள். நான் எதிர்க்கிறேன். குளிரில் வரும் ஒட்டுண்ணிகள் பல வகை. கோஸ்டியா, கைலோடொனெல்லா போன்றவை 0.3 சதவீத உப்பில் பெரும்பாலும் அடங்கும். தட்டைப்புழுக்கள் உப்பைப் பொருட்படுத்தாமல் பிராசிகுவான்டெல் போன்ற மருந்துக்கே விழும். அந்த மருந்தோ கோஸ்டியாவை ஒன்றும் செய்யாது. ஃபார்மலின் தண்ணீரின் உயிர்வளியைத் தின்னும். குருட்டுத்தனமாக ஊற்றினால் நோயும் போகாது, மீனின் செவுளும் வெந்துபோகும்.

உடலைக் கல்லில் உரசிக்கொள்வது, திடீரென்று துள்ளுவது, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு தனியே நிற்பது, தோலில் சாம்பல் படலம் படிவது: இவற்றைக் கண்டால் ஒட்டுண்ணி என்று சந்தேகிக்கலாம். அப்போது ஈரக் கையால் மீனைப் பிடித்து, செவுளுக்குப் பின்னிருந்து வாலை நோக்கிக் கண்ணாடித் தகட்டின் ஓரத்தால் வழவழப்பைக் கொஞ்சம் வழித்து, நுண்ணோக்கியில் பாருங்கள். மாணவர்கள் பயன்படுத்தும் சாதாரண நுண்ணோக்கி போதும். நாற்பது மடங்கிலேயே தட்டைப்புழு நெளிவது தெரியும். நுண்ணோக்கியின் விலை, ஒரு நல்ல கோயின் விலையைவிடக் குறைவு.

புண் விழுந்த மீனுக்கு நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்படலாம். கனடாவில் 2018 டிசம்பர் 1 முதல், மனிதர்களுக்கும் பயன்படும் முக்கியமான நுண்ணுயிர்க்கொல்லிகளைக் கால்நடை மருத்துவரின் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. மீன் பார்க்கும் மருத்துவர்கள் குறைவு என்பதால், நோய் வருவதற்கு முன்பே ஒருவரைத் தேடி வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டுக்குள் கொண்டுபோவது

நிலவறையில் 500 லிட்டர்த் தொட்டி வைத்து, நோய்ப்பட்ட மீனைச் சூட்டில் வைப்பது இன்னொரு வழி. சூடேறினால் மீனின் எதிர்ப்பாற்றல் விழிக்கும், புண் ஆறும். ஆனால் விலை இருக்கிறது. வலை போட்டுப் பிடிக்க வேண்டும். புதுத் தொட்டியில் வடிகட்டி முதிர்ந்திருக்காது. தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்ற வேண்டும். நாளுக்கு ஒன்றிரண்டு பாகைக்கு மேல் சூட்டை ஏற்றக் கூடாது. மேலே வலை கட்டாவிட்டால் இரவில் துள்ளி வெளியே விழும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏப்ரலில் உள்ளே போன மீன் குளம் சூடாகும்வரை வெளியே வர முடியாது. ஏழெட்டு வாரங்கள் அந்தத் தொட்டிக்கு நீங்கள் வேலைக்காரர்.

ஆகவே நான் பிரிக்கும் விதம் இது: திறந்த புண் உள்ளதை உள்ளே கொண்டுபோங்கள். குளிரில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்து, தொட்டால் நிமிர்ந்து நீந்துவதைக் குளத்திலேயே விடுங்கள். பல நேரங்களில் 12 பாகை வந்ததும் அதுவாகவே எழும்பும். வயிறு வீங்கி, செதில்கள் எல்லாம் பைன் காய்போல் விரிந்து நிற்பது பிழைப்பது அரிது. அதை அலைக்கழிக்காமல், கிராம்பு எண்ணெய் கரைத்த தண்ணீரில் மயக்கி நோவில்லாமல் முடித்துவிடுவதே கருணை. எதையும் உயிரோடு ஏரியிலோ மழைநீர்க் குட்டையிலோ விடாதீர்கள்; ஒன்டாரியோவில் அது சட்டப்படி குற்றம். ஹாமில்டன் துறைமுகத்தில் விட்ட தங்கமீன்கள் பெருகி, அங்குள்ள மீன்களுக்கு இடமில்லாமல் செய்வதைப் பார்க்கிறோம்.

செத்தவற்றுக்குப் பதில் உடனே புது மீன் வாங்குவதா என்றும் கேட்பார்கள். கூடாது. கோய் ஹெர்பீஸ் வைரஸ் குளிரில் ஒளிந்திருந்து, ஏறத்தாழ 18 பாகை தாண்டிய பிறகே தலைகாட்டும். 2007 இல் ஒன்டாரியோவின் கவார்த்தா ஏரிகளில் காட்டுக் கெண்டைகளைக் கொன்ற நோய் அதுவே. குளிரில் நன்றாகத் தெரியும் புது மீன் ஜூனில் குளத்தையே காலி செய்யலாம். ஜூலையில் வாங்கி, தனித் தொட்டியில் 24 பாகைச் சூட்டில் நான்கு வாரம் வைத்துப் பார்த்த பிறகு சேர்த்தால் போதும்.

தம்பி நடுவழியைத்தான் எடுத்தார். இரண்டாவது வாரம் அவருடைய மஞ்சள் மீனின் வாலடியில் சிவப்புத் தெரிந்தது. அதை மட்டும் நிலவறைக்குக் கொண்டுபோனார். அவருடைய மகள் ஒவ்வொரு காலையும் பள்ளிக்குப் போகும் முன் தொட்டியின் வெப்பத்தை ஒரு தாளில் எழுதிவைக்கிறாள். நேற்று இரவு அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்: தொட்டி 20, குளம் 13. அமோனியாக் குழாய் மஞ்சளாக நிற்கிறது. சேற்றில் இன்னும் கால்வாசி பாக்கி இருக்கிறது. அதை அடுத்த சனிக்கிழமை எடுப்பார். மஞ்சள் மீனின் புண்ணில் ஓரத்திலிருந்து வெள்ளைத் தோல் மூடி வருகிறது. குளம் 18 தொடும்வரை அது உள்ளேயே இருக்கும்.